ஏரியை வடிச்சுட்டா ஆகாயத்தாமரை ஒழியுமா? சேலம் மலையடிவாரத்துல ஒரு குடியிருப்பு ஏரி

ஏரிக்கரை_வீடு (இழை தொடங்கியவர்)
ஜனவரி 5, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஏரியை ஒட்டின குடியிருப்பு எங்களோடது. பதினோரு வருஷமா இங்கதான் இருக்கோம். ஏரி பேரை எழுதலை, தெருவுக்குள்ள ஏற்கெனவே மனஸ்தாபம் ஆகிக் கிடக்கு. பன்னிரண்டு ஏக்கர் இருக்கும். மூணு பக்கம் வீடு, தெற்கே மண்கரை, கரைக்குக் கீழே கொஞ்சம் வயலும் தென்னந்தோப்பும் இன்னும் மிச்சமிருக்கு.

நாங்க குடிவந்த புதுசுல ஏரியில தண்ணி தெரியும். காலையில மொட்டை மாடியில நின்னா மலை தலைகீழா ஏரிக்குள்ள விழுந்து கிடக்கும். இப்போ முக்கால்வாசி ஆகாயத்தாமரை மூடிடுச்சு. போன ஐப்பசியில மழை விடாம பேஞ்சப்ப இரண்டாவது தெருவுல முழங்கால் தண்ணி. எங்க வீட்டு வாசல்படி மூணுல ரெண்டு முங்கிப்போச்சு. அன்னையிலிருந்து சங்கத்துல ரெண்டு கட்சி.

மதகைத் திறந்து ஏரியை அடியோட வடிச்சு, வெயில்ல காயவிட்டு, பொக்லைன் வெச்சு செடியை வழிச்செடுக்கணும், இனிமே எப்பவும் மூணு அடி குறைச்சே வெச்சிருக்கணும்னு ஒரு கட்சி. ஏரி வத்தினா போர் வத்தும், 2017 கோடையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னதை மறந்துட்டீங்களா, ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழியற கோடியில மணல்மூட்டை அடுக்கி இன்னும் ஒரு அடி ஏத்தணும்னு இன்னொரு கட்சி.

நான் சங்கச் செயலாளர். தை கடைசியில கூட்டம். ஏரியை வடிச்சா இந்தச் செடி ஒழியுமா? அனுபவப்பட்டவங்க சொன்னா உதவியா இருக்கும்.

புதுசா_வந்தவன்
ஜனவரி 5, இரவு 10.02

களைக்கொல்லி அடிங்க அக்கா. எங்க சித்தப்பா தோட்டத்துக் குட்டையில அடிச்சார், ஒரே வாரத்துல கருகிடுச்சு. எதுக்கு ஏரியை வடிக்கணும்?

வலைவீச்சு
ஜனவரி 6, காலை 5.50

தம்பி, வேண்டாம்பா. நான் மீன் குத்தகை எடுக்கறவன். ஒரு ஏரியில யாரோ நல்லது பண்றதா நினைச்சு மருந்து அடிச்சுட்டாங்க. செடி கருகினது நிஜம். ஆனா கருகின செடி எங்க போகும்? அடியில இறங்கி அழுகும். அழுகறப்ப தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சிடும். விடியக்காலைதான் தண்ணியில காத்து ரொம்பக் கம்மியா இருக்கிற நேரம். நான் நாலரை மணிக்குப் போறேன், கட்லாவும் ரோகுவும் வாயை மேல தூக்கிட்டு மூச்சு வாங்குது. கரையோரமா வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. கையிலேயே அள்ளலாம், அப்படிக் கிடந்துச்சு. எட்டு மணிக்கெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்துச்சு. அந்த வருஷம் எனக்குக் கடன்தான் மிச்சம்.

வீடு சூழ்ந்த ஏரியில அடிச்சா அது உங்க போர்த் தண்ணிக்கும் போகும். ஆடு மாடு குடிக்கிற தண்ணி வேற.

தாவரவியல்_டீச்சர்
ஜனவரி 6, மாலை 6.30

பள்ளியில தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா கேட்டதுக்கு நேரா பதில்: வடிச்சா ஒழியாது. சொல்லப்போனா கூடும்.

ஆகாயத்தாமரைங்கிற பேர்ல நம்ம ஊர்ல ரெண்டு செடி புழங்குது. முட்டைக்கோஸ் மாதிரி ரோஜா அடுக்கா மிதக்கிறது ஒண்ணு, சித்த வைத்தியத்துல சொல்ற ஆகாயத்தாமரை அதுதான். உங்க ஏரியில இருக்கிறது ஊதாப் பூ பூக்கிறது, இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், வெங்காயத்தாமரைன்னும் சொல்வாங்க. தென் அமெரிக்கால அமேசான் பக்கத்துச் செடி. பூவோட மேலிதழ்ல மயில்கண் மாதிரி ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும், அழகுக்காகவே உலகம் முழுக்கக் கொண்டுபோனாங்க.

இது ரெண்டு விதமாப் பெருகும். பக்கவாட்டுல ஓடுதண்டு விட்டு குட்டி போடும். சாக்கடை கலந்த வெதுவெதுப்பான தண்ணியில ஒரு வாரம், ரெண்டு வாரத்துல இரட்டிப்பாகிடும். இன்னொண்ணு விதை. பூ வாடினதும் காம்பு தண்ணிக்குள்ள குனிஞ்சு விதையைச் சேத்துல விட்டுடும். அந்த விதை இருபது வருஷம் வரைக்கும் உயிரோட கிடக்கும். ஆழத் தண்ணிக்கு அடியில இருட்டுல கிடக்கிற வரைக்கும் பெரும்பாலும் முளைக்காது. நீங்க ஏரியை வடிச்சு ஈரச்சேத்துல வெயில் பட விட்டீங்கன்னா, நாத்தாங்கால் போட்ட மாதிரி முளைச்சு வரும். அடுத்த மழைக்குத் தண்ணி ஏறும்போது அத்தனை நாத்தும் வேரை விட்டு மிதந்து வந்துடும். பழைய செடியும் சேறு காயாத இடத்துல வேரூன்றிக்கும், சீக்கிரம் சாகாது.

எப்பவும் மூணு அடி குறைச்சு வெச்சா இன்னும் மோசம். ஆழம் குறையக் குறைய அடிவரை வெளிச்சம் போகும். ஆகாயத்தாமரை போன இடத்துல, தண்ணிக்கு அடியில வளர்ற வேலம்பாசி வரும், கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு ஏரிக்குள்ள இறங்கும்.

மதகு_பொறியாளர்
ஜனவரி 7, காலை 11.15

நீர்வளத்துறைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாவது தெருவில் தண்ணீர் ஏறியதைப் பற்றி ஒரு கேள்வி. அன்றைக்குக் கோடியில் தண்ணீர் எப்படிப் போனது? யாராவது போய்ப் பார்த்தீர்களா?

ஏரிக்கரை_வீடு
ஜனவரி 7, மதியம் 1.40

பார்த்தோம் சார். கோடியே தெரியலை. செடி மெத்தை மாதிரி அங்க அடைச்சு நின்னுது. அது மேல நாய் நடந்து போச்சு. மூணாம் நாள் நாலு பசங்க கடப்பாரையும் கயிறும் வெச்சு இழுத்துவிட்டப்புறம்தான் தண்ணி இறங்குச்சு, ஒரே ராத்திரியில.

மதகு_பொறியாளர்
ஜனவரி 7, மாலை 4.05

அம்மா, பதில் உங்களிடமே இருக்கிறது. ஏரி நிறைந்ததால் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, கோடி அடைத்ததால் வந்தது. காற்று தெற்கே தள்ளும், நீரோட்டமும் கோடிப் பக்கம் இழுக்கும், மிதக்கிற செடி முழுவதும் அங்கே போய் அடையும். நீர்மட்டமும் செடியும் தனித்தனிப் பிரச்சினை இல்லை.

கோடி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மணல்மூட்டைக் கட்சிக்கு இது தெரிய வேண்டும். கோடிச் சுவரின் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம் அரை அடியில் இருந்து ஒரு அடி ஆனால், வெளியேறும் தண்ணீர் இரட்டிப்பு ஆகாது, ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகும். அதாவது திடீர் வெள்ளத்தைத் தாங்கும் சக்தி எல்லாம் அந்தக் கடைசி ஒரு அடியில்தான் இருக்கிறது. அங்கே மூட்டையை அடுக்கினால் அந்தச் சக்தியைப் பிடுங்கிக்கொள்கிறோம். மலையடிவார ஏரிக்குத் தண்ணீர் மெதுவாக வராது. மேலே மழை பெய்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓடை திரண்டு இறங்கும். அப்போது கோடியில் வழி இல்லாவிட்டால் தண்ணீர் மண்கரை மேல் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் கரையைக் காப்பாற்ற முடியாது, கீழே இருக்கிற வயல், வீடு எல்லாம் போகும். மூட்டை அடுக்குவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

செய்ய வேண்டியது: கோடிக்கு இருபது, முப்பது அடி முன்னால், கரைக்குக் கரை நைலான் கயிறு கட்டி அதில் காலி பிளாஸ்டிக் டிரம்களை வரிசையாகக் கோத்து மிதக்க விடுங்கள். தண்ணீர் அடியில் போகும், செடி மிதவையில் நிற்கும். கயிற்றைக் கொஞ்சம் சாய்வாகக் கட்டினால் செடி ஒரு கரையோரம் ஒதுங்கும், அங்கிருந்து அள்ளிவிடலாம். கோடிச் சுவரில் அடிக்கணக்குப் பெயின்ட் கோடு போட்டு, வாரம் ஒருமுறை யாராவது பார்த்து எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் சங்கத்தில் பாதிச் சண்டை குறையும்.

புரட்டாசிக் கடைசியில் ஏரி நிறைந்திருந்தால், அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, மதகு வழியாக முக்கால் அடி, ஒரு அடி முன்கூட்டியே இறக்கி வைப்பதில் தவறில்லை. ஐப்பசி மழைக்கு அந்த இடம் தாங்கும். மதகை நீங்களே திருகாதீர்கள். துருப்பிடித்த திருகுகம்பியைப் பலங்கொண்டு திருகி உடைத்துவிட்டு, பலகை பாதியில் மாட்டி ஏரியே வடிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயக்கட்டு_விவசாயி
ஜனவரி 8, இரவு 8.45

எல்லாம் சரிங்க சார். ஒரு அடி இறக்கறதுன்னு சுலபமா எழுதிட்டீங்க. அந்த ஒரு அடி யாரோட தண்ணி? கரைக்குக் கீழே இருக்கிறவன் ஒருத்தன்கூட இந்தப் பேச்சுல இல்லை. எங்க பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு ஏரி. குடியிருப்பு வந்தப்புறம் ஏரி பார்க்கறதுக்கு மட்டும்னு ஆகிப்போச்சு. எங்க தாத்தா காலத்துல மடை திறக்கறதுக்கு ஆள் இருந்தார், தண்ணி பாய்ச்ச முறை இருந்துச்சு, வருஷா வருஷம் வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் போகணும். வண்டல் அள்ளி வயலுக்கு அடிப்போம். ஏரியும் ஆழமாச்சு, வயலுக்கும் எரு ஆச்சு. இப்போ யாரும் அள்ளறதில்லை. வண்டல் மேடாகி மேடாகி ஏரி தட்டு மாதிரி ஆகிடுச்சு. முன்ன பத்தடி தண்ணி நின்ன இடத்துல இன்னைக்கு நாலடி.

புரட்டாசியில இறக்கினா, ஐப்பசி மழை பொய்த்துப்போனா என்ன செய்வீங்க? எங்க நடவுக்கு யார் பதில் சொல்றது?

மதகு_பொறியாளர்
ஜனவரி 9, காலை 9.30

நீங்கள் கேட்பது நியாயம். நான் ஆயக்கட்டுக்காரர்களையும், அதாவது ஏரித் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்களையும், சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இறக்குகிற தண்ணீரை வெறுமனே ஓடையில் விடாமல், உங்கள் நாற்றங்காலுக்கோ, கீழ் ஏரிக்கோ போகிற மாதிரி நாள் பார்த்துத் திறக்கலாம். அதை நீங்களும் அவர்களும் உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும். ஏரி யார் பொறுப்பு என்பதற்கு ஏரியின் பரப்பைப் பார்க்காமல் ஆயக்கட்டின், அதாவது பாசன நிலத்தின், பரப்பைப் பாருங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். மாநகராட்சி எல்லைக்குள் வந்திருந்தால் அதையும் விசாரியுங்கள். யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியாமலேயே ஒரு வருடம் ஓடிவிடும்.

வண்டல் விஷயம் முக்கியம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் ஏரி வண்டலை இலவசமாக எடுக்க 2024இலிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். கோடையில் தானாக வற்றுகிற மேட்டுப் பகுதியில் மட்டும் எடுங்கள். கரையடியில் தோண்டவே கூடாது.

கன்னங்குறிச்சிக்காரன்
ஜனவரி 10, மாலை 7.10

நான் மூக்கனேரி பக்கம். 2010 வாக்குல ஊர்க்காரங்க சேர்ந்து அந்த ஏரியை எடுத்துச் சீர்செஞ்சப்ப நானும் மண் சுமந்தவன். தூர் வாரின மண்ணை வெளிய ஓட்டாம ஏரிக்குள்ளேயே திட்டுகளாப் போட்டு மரம் வெச்சோம். இன்னைக்கு அந்தத் திட்டுல நீர்க்காகமும் கொக்கும் அடையுது. அங்கேயும் செடி திரும்பத் திரும்ப வந்துட்டேதான் இருக்கு, அதனால ஒரு தடவை வேலைன்னு நினைச்சு இறங்காதீங்க.

கையால எடுக்கிற வித்தையைச் சொல்றேன். செடி நெருக்கமா இருந்தா ஏக்கருக்கு நூறு டன்னுக்கு மேல வரும், அதுல பத்துல ஒன்பது பங்குக்கு மேல தண்ணிதான். அதனால பன்னிரண்டு ஏக்கரையும் ஒரே ஞாயித்துக்கிழமையில முடிக்க நினைச்சா ஆள் ஓடிடுவாங்க. மூங்கிலையும் கயித்தையும் மிதக்கவிட்டு ஏரியைக் கட்டம் கட்டுங்க. ஒரு கட்டத்தை முழுசா சுத்தம் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க. அங்கங்கே கொஞ்சம் எடுத்தீங்கன்னா பத்து நாள்ல மூடிடும். பூ விடறதுக்கு முன்னாடி எடுக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தக் கரையில நின்னு இழுங்க, பாதி வேலையைக் காத்தே செய்யும்.

எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீங்க. நாங்க முதல்ல அந்தத் தப்பைத்தான் பண்ணினோம். மழை பேஞ்சு அழுகின சாறு எல்லாம் ஏரிக்கே திரும்பிப் போச்சு, அடுத்த செடிக்கு அதுவே உரம்.

புதுசா_வந்தவன்
ஜனவரி 10, இரவு 9.00

அந்தச் செடியை மாட்டுக்குப் போடலாமா? மண்புழு உரம் ஆகுமா? புல்கெண்டை மீன் விட்டா தின்னுடுமா?

தாவரவியல்_டீச்சர்
ஜனவரி 11, காலை 7.20

சாணியோட சேர்த்து மக்க வெச்சா நல்ல மண்புழு உரம் ஆகும். ஆனா நம்ம சேலத்துல ஒண்ணு பார்க்கணும். இந்தச் செடி தண்ணியில இருக்கிற கன உலோகங்களை வேர்ல இழுத்து வெச்சுக்கும். சாயப்பட்டறையோ வெள்ளிப் பட்டறையோ கழிவு விடற ஓடை உங்க ஏரிக்கு வருதுன்னா, அந்த உரத்தைக் காய்கறிக்கும் கீரைக்கும் போடாதீங்க, மாட்டுக்கும் வேண்டாம். மரக்கன்னுக்குப் போடலாம்.

புல்கெண்டை வேலம்பாசியை விரும்பித் தின்னும், ஆகாயத்தாமரையை அதிகம் தொடாது. வேலம்பாசி முழுக்கத் தீர்ந்துட்டா அது பிடிச்சு வெச்ச சத்தெல்லாம் தண்ணியில கலந்து, ஏரி பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகிடும்.

பெங்களூருல 1980களில் இந்தச் செடிக்குன்னே கூன்வண்டு கொண்டுவந்து விட்டாங்க, அமேசான் பக்கத்துலயே இதைத் தின்னு வாழற வண்டு. சில ஏரிகள்ல நல்லாவே அடங்குச்சு. ஆனா வருஷக்கணக்காகும், அடிக்கடி செடியை அள்ளிட்டு இருந்தா வண்டும் போயிடும். உங்க செடி இலையைத் திருப்பிப் பாருங்க அக்கா, சதுரம் சதுரமா நகத்தால சுரண்டின மாதிரி வெள்ளைத் தழும்பு இருந்தா வண்டு ஏற்கெனவே இருக்கு. ஒரு ஓரத்துக் கட்டத்தை அதுக்குன்னு விட்டுவைக்கலாம்.

வலைவீச்சு
ஜனவரி 11, மாலை 5.30

டீச்சர், புல்கெண்டை விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அளவா விட்டா ஏரி கெடாது. அளவு தெரியாம கொட்டினாத்தான் தண்ணி பச்சையாகும். மீன்வளத்துறையில கேட்டுட்டு விடலாம்.

காப்பித்தோட்டம்_ஏற்காடு
ஜனவரி 12, இரவு 8.15

மலைமேல இருந்து எழுதறேன். 1820களில் காக்பர்ன் சேலம் கலெக்டரா இருந்த காலத்துலயே காப்பி ஏறின மலை இது. ஏற்காடு பேர்லயே ஏரியும் காடும் இருக்கு. எங்க ஏரி நிறைஞ்சு வழியற தண்ணி கிளியூர் அருவியா விழுந்து கீழே போகுது. மேல நாங்க விடறதுதான் கீழே உங்களுக்கு வந்து சேருதுன்னு இங்க வளர்ந்தவங்களுக்குச் சின்ன வயசுலயே தெரியும்.

கார்த்திகையில ஆரம்பிச்சு மாசி வரைக்கும் பழம் பறிப்பு. பழத்தைக் கூழெடுத்துக் கழுவற தண்ணி இனிப்பும் புளிப்புமா நாறும், ஓடையில விட்டா ஆக்சிஜனைக் குடிச்சிடும். எங்க தோட்டத்துல குழி வெட்டி அதுல தேக்கறோம், கூழைத் தோலோட மக்க வெச்சுச் செடிக்கே போடறோம். எல்லாத் தோட்டத்துலயும் செய்றாங்கன்னு சொல்ல முடியாது. உங்க ஏரிக்கு வர்ற ஓடை எந்தப் பக்கச் சரிவுல இருந்து இறங்குதுன்னு ஒரு நாள் மேல நடந்து வந்து பாருங்க. செடியைப் பிடுங்கறது எப்பவும் செய்யலாம், அந்தச் செடிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க.

ஏரிக்கரை_வீடு
பிப்ரவரி 2, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு இந்த மூணு வாரம் ஏரியைச் சுத்திச் சுத்தி வந்தேன்.

ஓடையில இப்போ தண்ணியே இல்லை, காஞ்சு மணல் தெரியுது. ஆனா வடமேற்கு மூலையில மட்டும் செடி இடுப்பு உயரம், கரும்பச்சையா, இலை ஒண்ணொண்ணும் உள்ளங்கையைவிட அகலம். அங்க ஒரு மழைநீர் வடிகால் வந்து சேருது. மழை பேஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, அதுல தண்ணி ஓடிட்டே இருக்கு. சோப்பு நுரையோட. அது வழியே திரும்பி நடந்து வந்தேன், எங்க தெருவுலதான் வந்து முடிஞ்சுது. எங்க வரிசையில அஞ்சு வீட்டுக் குளியலறை, சமையலறைத் தண்ணி அந்த வடிகாலுக்குத்தான் போகுது. எங்க வீடும் அதுல ஒண்ணு. வீடு கட்டினப்ப குழாய் எங்க போகுதுன்னு நாங்க கேட்கவே இல்லை. அன்னைக்கு ராத்திரி சாப்பிட முடியலை.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். மேல பார்க்கறதுக்கு லேசா இருக்கு, தூக்கினா வேர் முழங்கை நீளம், கறுப்பு இறகு மாதிரி, அதுல சேறும் குட்டி நத்தையும் ஒட்டிக்கிடக்கு. வாளித் தண்ணியில அலசினா வாளி முழுக்கக் கொசுப்புழு. டீச்சர் சொன்ன தழும்பு ஒரு இலையிலயும் இல்லை.

தாவரவியல்_டீச்சர்
பிப்ரவரி 3, காலை 6.45

வேர்ல ஒட்டி மூச்சு விடற கொசுப்புழுவும் உண்டு அக்கா, மான்சோனியான்னு பேரு, யானைக்கால் நோய் பரப்பற வகை. மேல மிதக்காததால எண்ணெய் ஊத்தினாலும் சாகாது. செடியை வெளிய எடுத்தாத்தான் போகும்.

ஒரு வேண்டுகோள். பொக்லைன் வந்தா கரையோரத்துச் சம்பு, கோரை, அல்லி எல்லாத்தையும் சேர்த்து வழிச்சுடுவாங்க. அதை விடாதீங்க. கரையை அலை அரிக்காம பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். சம்புலயும் தூக்கணாங்குருவி கூடு கட்டும், தாழைக்கோழி குஞ்சு பொரிக்கும். வடிகால் வந்து சேர்ற வாயில சம்பை அடர்த்தியா வளர்த்தா, வர்ற அழுக்குல ஒரு பங்கை அதுவே பிடிச்சுக்கும்.

ஏரிக்கரை_வீடு
மார்ச் 9, இரவு 9.50

கூட்டம் நடந்துச்சு. நாலு மணி நேரம். கரைக்குக் கீழே இருந்து மூணு விவசாயிகளைக் கூப்பிட்டு முன்வரிசையில உட்கார வெச்சோம். முதல்ல எங்க வீட்டுக் குழாயைப் பத்திச் சொன்னேன், அதுக்கப்புறம்தான் மத்த நாலு வீட்டையும் கேட்டேன். மூணு வீடு உறிஞ்சுகுழி வெட்டியாச்சு, எங்களோடதும் சேர்த்து. நாலாவது வீட்டுல அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க. ஒரு வீட்டுக்காரர் இன்னும் பேசறதில்லை.

ஏரியை வடிக்கிறது இல்லைன்னு முடிவாச்சு. மணல்மூட்டையும் இல்லை. புரட்டாசியில இறக்கறதைப் பத்தி ஒத்து வரலை. விவசாயிகள் அரை அடிக்கு மேல முடியாதுன்னு சொல்லிட்டாங்க, இரண்டாவது தெருக்காரங்க ஒரு அடி கேட்கறாங்க. ஆடி பதினெட்டுக்கு அப்புறம் தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்த்துட்டுத் திரும்ப உட்காரலாம்னு தள்ளி வெச்சிருக்கோம். அனுமதிக்கு மனு கொடுத்து ஒரு மாசம் ஆச்சு, பதில் வரலை. மறுபடியும் போறோம்.

டிரம் மிதவை கட்டியாச்சு, பதினாறு டிரம். போன வாரம் காத்து அடிச்சப்ப செடி பூரா அதுல வந்து நின்னுது, கோடி காலியா இருந்துச்சு. கோடிச் சுவர்ல மஞ்சள் பெயின்ட்ல கோடு போட்டிருக்கோம். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு ஞாயிறு தோறும் பார்த்து நோட்டுல எழுதறா. இன்னைக்கு கோடித் தலைக்குக் கீழே ரெண்டடி நாலு அங்குலம்.

ரெண்டு கட்டம் முடிச்சிருக்கோம், இன்னும் பதினொண்ணு இருக்கு. எடுத்த செடியைக் காலி மனையில தார்ப்பாய் விரிச்சுக் காய வெச்சு, சாணி போட்டு மக்க விட்டிருக்கோம். முதல் கட்டத்துல, எங்க மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒரு வீட்டு மனை அளவுக்குத் தண்ணி தெரியுது.

கன்னங்குறிச்சி அண்ணா, மூங்கில் கட்டத்துக்குள்ள ராத்திரியோட ராத்திரியா குட்டிச்செடி நுழைஞ்சிடுது. கயித்துக்கு அடியில வலை கட்டணுமா? எத்தனை அடி இறக்கணும்?

கன்னங்குறிச்சிக்காரன்
மார்ச் 10, காலை 6.10

ஒரு அடி போதும்மா, பழைய மீன்வலை கட்டுங்க. வலைவீச்சு அண்ணன்கிட்ட கிழிஞ்ச வலை இருக்கும். நான் ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அரிவாளோட வர்றேன்.

வலைவீச்சு
மார்ச் 10, காலை 6.25

இருக்கு. ரெண்டு கட்டு கொண்டு வர்றேன்.